ஓடிய வண்டிக்காக ஒரு வாதம்

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தபோது, ஆராய்ச்சி மாணவர் நால்வர் என்னிடம் ஒரு மகிழ்ச்சியான செய்தியைச் சொன்னார்கள். நால்வரும் பணம் போட்டு ஒரு பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிறார்களாம். பெட்ரோல் வண்டி. ஏழு ஆண்டு வயது. ஓடியது 39,000 கிலோமீட்டர்தானாம். “ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி அண்ணா. வீடு விட்டா கிளினிக்கு, கிளினிக்கு விட்டா வீடு. வேற எங்கயும் போனதே இல்ல” என்றார் அவர்களுள் இளையவர். ஏறக்குறைய அதே விலைக்கு இன்னொரு வண்டியும் வந்ததாம். அது 1,20,000 கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டவுடனே இவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

எனக்குக் கையில் இருந்த தேநீர் கசந்துவிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இது தெருவில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய விஷயமும் அல்ல. ஆனால் அந்த நால்வரில் ஒருவர் போடப் போகும் தொகை, எட்டு மாதம் வராமல் நின்று பிறகு மொத்தமாக வந்த உதவித்தொகை நிலுவை என்பதை அறிந்த பின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நிலுவைப் பணம் என்றால் என்ன என்பது ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தெரியும். அது கையில் வரும்போது ஏதோ பரிசு போலத் தோன்றும். உண்மையில் அது எட்டு மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்ட சோறு.

ஆகவே, அவர்கள் தள்ளிவிட்ட அந்த ஓடிய வண்டிக்காக நான் வாதாட வருகிறேன்.

வண்டியின் முகப்பில் தெரியும் எண் தூரத்தைக் கணக்கிடுகிறது. எஞ்சின் அனுபவிப்பதோ நேரத்தை. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. டாக்டர் வண்டி டில்லியின் நெரிசலில் சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் ஊர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 39,000 கிலோமீட்டருக்கு அதன் எஞ்சின் 2,600 மணி நேரம் ஓடியிருக்கிறது. மற்றொரு வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில், மணிக்கு 55 என்று போனதாகக் கொண்டால், 1,20,000 கிலோமீட்டருக்கு அதன் எஞ்சின் ஓடியது ஏறத்தாழ 2,180 மணி நேரம். எது அதிகம் உழைத்த எஞ்சின்? சராசரி வேகங்கள் நான் கொண்ட அனுமானமே. நீங்கள் வேறு எண்களைப் போட்டுப் பாருங்கள்.

அன்றியும், மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஒரு நாளும் முழுச் சூட்டை எட்டுவதில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் தாராளமாக ஊட்டப்படுகிறது. எரியாத பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே எண்ணெயில் கலக்கிறது. எரிப்பில் உண்டாகும் நீராவியும் அங்கேயே தங்குகிறது. சூடேறி ஒரு மணி நேரம் ஓடினால் இவை ஆவியாகிப் போய்விடும். மூன்று கிலோமீட்டரில் எங்கே போகும்? டில்லியின் ஜனவரிக் காலைகளை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் இவற்றின் கதையும் இதுவே. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குப் பத்து முறை மிதிபடும் கிளட்ச், நகரத்தில் ஒரே சிக்னலில் பத்து முறை மிதிபடும்.

இது அந்த எண் உண்மையாக இருந்தால். பொய்யாக இருந்தால் என்னவாகும் என்பதை நான் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றேன்.

2023ஆம் ஆண்டில் நானும் என் நெல்லை நண்பரும் வண்டி தேடினோம். அவர் நிலவியல் ஆராய்ச்சியாளர். சமோலி மாவட்டத்து மலைச்சரிவுகளில் பாறை மாதிரி எடுத்து மூட்டை மூட்டையாகக் கொண்டு வர வேண்டியவர். ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கொடுத்துச் சலித்திருந்தார். மெட்ரோ ரயில் ஓடும் ஊரில் நமக்கெல்லாம் மோட்டார் வண்டி எதற்கு என்று கேட்டால், பெரும்பாலோர்க்குத் தேவையில்லை என்பதே என் பதில். அவருக்குத் தேவை இருந்தது. எனக்கு இருந்தது ஆசை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு தரகர் எங்களுக்கு ஒன்பது ஆண்டு வயதுள்ள ஒரு பெட்ரோல் எஸ்.யூ.வி.யைக் காட்டினார். மீட்டரில் 48,000. வெள்ளை வண்டி, கண்ணாடி போல மின்னியது. உள்ளே மல்லிகை மணம் வேறு! அன்று மாலையே இன்னொருவர் பார்க்க வருகிறார் என்றார். நாங்கள் அங்கேயே பதினைந்தாயிரம் முன்பணம் கொடுத்தோம். இரசீது கேட்கவில்லை. இரண்டு முதுகலைப் பட்டதாரிகள், இரசீது கேட்கவில்லை!

மறு நாள் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்றோம். வயதானவர், மொராதாபாத் பக்கத்துக்காரர். அவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவே இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். அதன் ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் வளையத்தில் இடது கை படும் இடம் மட்டும் தோல் பளபளத்தது. ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம், ஏறி இறங்கும் இடம், தொய்ந்து கிடந்தது. பிறகு எஞ்சின் மூடியைத் தூக்கி, உட்புறத்தில் ஒட்டியிருந்த ஒரு சிறு காகிதத்தைக் காட்டினார். எண்ணெய் மாற்றிய பணிமனை ஒட்டியது அது. அடுத்த மாற்றம் 1,12,000 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்தது. வண்டியைக் கழுவி, மெருகேற்றி, மணம் தெளித்தவர்கள் அந்தக் காகிதத்தைக் கிழிக்க மறந்துவிட்டார்கள்.

தரகர் சிறிதும் அசையவில்லை. “மீட்டர் மாற்றப்பட்டது சாகிப், பழுது காரணமாக” என்றார். முன்பணம் திரும்பவில்லை.

இதில் எனக்கு இன்றும் நினைவில் உறுத்துவது ஒன்று. அந்த வண்டி ஒரு லட்சத்துக்கு மேல் ஓடியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒருவேளை அது நல்ல வண்டியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நாம் எல்லோரும் “குறைவாக ஓடியது வேண்டும், குறைவாக ஓடியது வேண்டும்” என்று கேட்கிறோம். சந்தை அதைச் செய்து கொடுக்கிறது. ஒரு சிறு கருவியும் அரை மணி நேரமும் போதும் என்கிறார்கள் தொழில் அறிந்தவர்கள். நெடுந்தூரம் ஓடிய வண்டியை உண்மையைச் சொல்லி விற்பவர் நஷ்டப்படுகிறார். பொய்யன் இலாபம் அடைகிறான். இந்த வழக்கத்தை வளர்ப்பதில் வாங்குகிற நமக்கும் பங்குண்டு. பழைய வண்டி விற்கும் வியாபாரிகள் பதிவு பெற வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு விதி வகுத்து, 2023 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டு வந்தது. நல்ல விதிதான். ஆயினும் பெடலின் ரப்பரைக் குனிந்து பார்க்க வேண்டியவர் நீங்களே.

அதற்குப் பிறகு நாங்கள் வாங்கியது 1,34,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. 2014ஆம் ஆண்டின் டஸ்டர். பெட்ரோல், 1598 சி.சி. இந்த வண்டி நம் ஒரகடத்துத் தொழிற்சாலையில் பிறந்தது என்று அறிந்ததும் என் நண்பருக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பாசத்தின்மேல் பணம் கொடுக்கக் கூடாது என்று நான் தடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் விற்றவர் ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து வைத்தார். பணி ஓய்வு பெற்ற பொறியாளர் அவர். மகள் டேராடூனில் இருந்ததால் வாரந்தோறும் அங்கே போய் வந்தவர். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும், லிட்டரும், மீட்டர் எண்ணும் அதில் எழுதியிருந்தன. ஒன்பது ஆண்டு! எண்ணெய் மாற்றியது, டயர் மாற்றியது, ஒரு முறை பின்பக்கம் இடிபட்டு இன்ஷூரன்சில் சரி செய்தது, எல்லாம் பணிமனை ரசீதுகளுடன். நான் அந்த நோட்டைப் படித்தபோது ஒரு நல்ல ஆய்வேட்டைப் படித்த நிறைவு உண்டாயிற்று. மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு முடித்தோம்.

அந்த நோட்டே எங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தது. இந்த எஞ்சினில் வால்வுகளை இயக்குவது சங்கிலி அன்று, ரப்பர்ப் பட்டை. டைமிங் பெல்ட் என்பார்கள். அதற்கு ஆயுள் உண்டு. கிலோமீட்டர் ஆனாலும், ஆண்டு ஆனாலும், எது முந்தினாலும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி அது அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் பிஸ்டன்கள் திறந்து நிற்கும் வால்வுகளை மோதும். அத்துடன் எஞ்சின் முடிந்தது. நோட்டில் பெல்ட் மாற்றிய குறிப்பு ஒன்றுதான் இருந்தது, அதுவும் பழையது. விலை பேசும்போதே அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்டோம், பொறியாளர் மறுக்கவில்லை. வாங்கிய மறு வாரம் பெல்ட்டையும் அதோடு தண்ணீர்ப் பம்பையும் மாற்றினோம். நீங்கள் பார்க்கும் வண்டி எதுவாயினும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பெல்ட்டா, செயினா? பெல்ட் என்றால், கடைசியாக மாற்றியது எப்போது? ரசீது எங்கே?

செலவை மறைக்காமல் சொல்கிறேன். பெல்ட், பம்ப், கூலி 14,000. நான்கு டயர் 30,000. சஸ்பென்ஷனில் தேய்ந்த புஷ்களும் முன் ஷாக் அப்சார்பர்களும் 18,000. பேட்டரி 6,000. பிறகு கோடையில் ஏ.சி. ஒரு 9,000 கேட்டது. ஆறு மாதத்தில் 77,000 ரூபாய். ஆக, கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடுகிறவர் இந்த ஆட்டத்துக்கு வரக் கூடாது. விலையில் கால் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு வண்டி தேடுங்கள். நிலுவைப் பணத்தைக் கடைசி ரூபாய் வரை போடப் போகும் தம்பிக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெட்ரோல் செலவோ? நகரத்துக்குள் எங்கள் வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது. 2024 மார்ச்சில் விலை குறைந்த பிறகு டில்லியில் லிட்டர் ஏறத்தாழ 95 ரூபாய் என்று நின்றது. மாதம் 500 கிலோமீட்டர் என்றால் 4,750 ரூபாய். 2023 முதல் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 37,000 என்று உயர்ந்தது. அதில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல் டாங்கில் போகிறது. மேலும் இப்போதைய பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். 2023க்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலானவை அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. பத்து சதவீதக் கலவைக்குச் சரி செய்யப்பட்ட கார்களில் எரிபொருள் திறன் ஆறு, ஏழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே மதிப்பிட்டிருந்தது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு சிறு விஷயம்: மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 2022 ஜூன் விகிதப்படி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 3,416 ரூபாய். அதைத் தாண்டினால் 7,897. எங்கள் வண்டி 98 சி.சி. அதிகம். அந்த 98 சி.சி.க்கு ஆண்டுதோறும் நாலாயிரத்துச் சொச்சம் அழுகிறோம்.

“அப்படியானால் டீசல் வாங்கலாமே, மைலேஜ் கிடைக்குமே” என்று கேட்பவர்கள் உண்டு. டில்லியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதுதான் வேடிக்கை. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் இங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014இலும், டீசலுக்குப் பத்தே ஆண்டு என்று 2015இலும் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018இல் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலையில் வயதான வண்டிகளுக்குப் பங்க்கில் எரிபொருளே கிடையாது என்று தொடங்கி, சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் கொண்டு கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம்; டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே என்று வரையறுத்தது. இத்தனை தடவை திரும்பிய சட்டத்தின்மேல் நான் என் பணத்தைப் பந்தயம் வைக்க மாட்டேன். பெட்ரோல் வண்டி என்பது இங்கே குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு அதிக நிம்மதி. பனிமூட்டக் காலத்தில் காற்று கெட்டு மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வரும்போதும், ஸ்டேஜ் 4 டீசல் கார்கள் நிறுத்தப்படுகின்றன. பெட்ரோலில் ஸ்டேஜ் 3 வண்டிகளே நிறுத்தப்படுகின்றன.

இதே சட்டத்தால்தான் டில்லியில் பழைய வண்டி மலிவு. அதைக் கண்டு நம்மவர்க்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது: இங்கே வாங்கி ஓட்டுவோம், பட்டம் வாங்கியதும் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று. செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் 2,200 கிலோமீட்டர் பெட்ரோல், படிவம் 28இல் இங்கிருந்து தடையின்மைச் சான்று, ஊரில் மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி இவற்றையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அண்ணனையோ மாமாவையோ அனுப்பி, இந்த வயது வண்டிக்கு வரி எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். வாங்கும் முன்பு, வாங்கிய பின்பு அன்று.

இனி நால்வர் கூட்டு. இதைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம். நட்பில் கணக்குப் பார்ப்பதா என்று கேட்பீர்கள். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் ஏறப் போவது ஒரு பெயர். வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. அதாவது, ஒருவர் விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் விட்டிருந்தாலும்கூட! அப்படியிருக்க, பெயர் உள்ளவர் விடுதியில் தூங்கும்போது மற்றவர் ஓட்டிப் போய் யாரையாவது இடித்தால்? ஒருவர் பட்டம் முடித்து வேலைக்குப் போய்விட்டால் அவருடைய பங்கை யார், என்ன விலைக்குத் திருப்பித் தருவது? நானும் நெல்லை நண்பரும் இருவர்தான். எங்களுக்கே ஒரு முறை, ரிஷிகேஷ் சாலையில் இரவு பத்து மணிக்கு, யார் டயர் காற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் பேச்சு நின்று, மூன்று வாரம் ஒருவரையொருவர் “நீங்கள்” என்று அழைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். பங்கு எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம், விலகுகிறவருக்கு எப்போது பணம் என்று. நால்வர் என்றால் அந்தத் தாள் முதலில், வண்டி பிறகு.

படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து, கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35, இவை இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். புதுக் கார்களின் விலையையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் வரி குறைந்தபோது சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதமாயிற்று, பழைய வண்டிக்காரர் சிலர் இன்னும் அதற்கு முந்திய விலையை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

டாக்டர் வண்டியை நான் பார்த்ததில்லை. அது உண்மையிலேயே 39,000 ஓடிய வண்டியாக இருக்கலாம். அவர் மாதம் ஒரு முறை அதை ஆக்ராவரை ஓட்டி எஞ்சினைக் காயவைத்தவராகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். 39,000 கிலோமீட்டருக்குள் வண்டி மூன்றாவது செட் டயரில் நின்றால் யோசியுங்கள். பெடலையும் எஞ்சின் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். அப்படியே அந்த 1,20,000 வண்டிக்காரரையும் கூப்பிட்டு, “ரசீதுகள் இருக்கிறதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்கு வேலை இல்லை. அந்த நால்வரானாலும், வேறு எந்த நண்பரானாலும், கூப்பிட்டால் மொராதாபாத் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். அவர் ஐந்நூறு ரூபாயும் இரண்டு தேநீரும் கேட்பார். ஆறரை மணிக்குப் போய்ச் சேர வேண்டும். நாம் வருமுன் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று மட்டும் விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை கிளம்பும்போது புகைக்குழாயின் பின்னால் நான் நிற்கிறேன்.